பிக்கப் வாங்கி மூன்றரை வருடம்: எனக்கு அது கார், ஊருக்கு அது லாரி

கோபி_தென்னை (கோபிசெட்டிபாளையம்)

வண்டி 84,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி, டீசல், நான்கு சக்கர இழுவை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மூன்றாவது பதிவிலேயே டொயோட்டா ஹைலக்ஸா இசுசு வி-கிராஸா என்று சண்டை தொடங்கிவிடும். சொந்த உபயோகத்துக்கு இந்த அளவு வண்டி தேடுகிறவர்கள் பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டைச் சுற்றித்தான். வி-கிராஸ் 2016இல் தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் செய்ய ஆரம்பித்தது, ஹைலக்ஸ் 2022இல் வந்தது. இரண்டுமே சுமார் 5.3 மீட்டர் நீளம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் 3.1 மீட்டர். கூட வைத்து வாழ்வதில் உள்ள தொல்லையும் சுகமும் இரண்டுக்கும் பொது.

வாங்கும்போது நான் நினைத்தது: வாரத்தில் நாலு நாள் தோப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பவானிசாகர் பக்கம். நடந்தது வேறு. முதல் மாதம் மச்சான் வீட்டு பீரோ. இரண்டாம் மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வாழை மரம். அப்புறம் கோயில் ஜெனரேட்டர், பள்ளி ஆண்டு விழா ஸ்பீக்கர், ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குத் துக்க வீட்டுக்கு ஐஸ் பெட்டி. கார் வைத்திருக்கிறவரிடம் யாரும் கார் கேட்பதில்லை. பிக்கப் வைத்திருக்கிறவரிடம் கேட்க யாருக்கும் கூச்சமில்லை. எரிச்சலோடு சொல்லவில்லை. கேட்காவிட்டால் இப்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

மைலேஜ்: காலியாக நெடுஞ்சாலையில் 80, 90இல் போனால் 13. டவுனுக்குள் ஒன்பதரை. தேங்காய் ஏற்றினால் பத்து, பதினொன்று.

பெரிய குறை ஒன்றுதான், காலி வண்டி. போன ஐப்பசி மழையில் சத்தி ரோட்டில் ஒரு வளைவு. தொட்டியில் ஒன்றுமில்லை. நான் ஒன்றும் வேகமாகவும் போகவில்லை. பின்பக்கம் தனியாக எழுந்து வெளியே நடந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, கல்யாண மண்டபச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அதே வளைவில் பன்னிரண்டு மூட்டையோடு எத்தனையோ முறை போயிருக்கிறேன், தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும்.

மற்றவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

அடுக்ககவாசி (சென்னை, பெருங்குடி)

வணக்கம் அண்ணா. நான் இன்னும் வாங்கவில்லை, வாங்கலாமா என்று எட்டு மாதமாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். வார நாளில் ஐடி வேலை. மாதம் ஒரு தடவை காடு மலை, கூடாரம். மனைவி ஒரே கேள்வி கேட்கிறார்: "மாதத்தில் மீதி இருபத்தெட்டு நாள் அந்தத் தொட்டியில் என்ன போகும்?" பதில் சொல்ல உதவுங்கள்.

பட்டறை_மாமா (சேலம்)

தம்பி, வீட்டம்மா சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார்.

கோபிக்காரருக்கு நடந்ததன் கணக்கு இது. பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். லாரிக்குப் போடுகிற அதே ஜாதி. ஒரு டன் பக்கம் தாங்குகிற மாதிரி அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் ஒன்றுமே வைக்காவிட்டால் அது வளையாது. வளையாத ஸ்பிரிங் ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கட்டை. சின்னக் குழியில்கூடச் சக்கரம் தரையை விட்டுவிடும். எஞ்சின் எடை முழுக்க முன்னால், நான்கு சக்கர இழுவையைப் போடாதபோது தள்ளுகிற சக்கரம் பின்னால், அங்கேயோ எடையில்லை. ஈர ரோட்டில் வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வால் வெளியே போகத்தான் செய்யும்.

அடுத்தது காற்று. சுமைக்கு வைத்த காற்றோடு காலியாக ஓட்டுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், "சார், குதிக்கிறது" என்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். காலிக்கு ஒரு அளவு, சுமைக்கு ஒரு அளவு. இரண்டுக்கும் பத்து பாயின்ட் வரைகூட வித்தியாசம் இருக்கும். அதைப் படிக்காமல் மூன்று பேர் ஷாக் அப்சார்பர் மாற்றிப் பணத்தைக் கரைத்தார்கள்.

இன்னொன்று. வாரத்துக்கு ஒருவராவது "மாமா, ஒரு பட்டையைக் கழற்றிவிடுங்கள், சாஃப்டாக இருக்கும்" என்கிறார். சாஃப்டாகத்தான் இருக்கும். ஒரு நாள் எண்ணூறு கிலோ ஏற்றிப் பிரேக் பிடிக்கும்போது மிச்சமிருக்கும் பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கொள்ளும். நான் கழற்றுவதில்லை.

கோபி_தென்னை

மாமா, தொட்டியில் நிரந்தரமாக மணல் மூட்டை போட்டு வைத்தால்?

பட்டறை_மாமா

எடை போடுவது நல்லதுதான். நூறு, நூற்றைம்பது கிலோ போதும். பின் டோர் ஓரத்தில் போடாதீர்கள், சக்கரத்துக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால். கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கேபினை வந்து இடிக்கும். ஆனால் மணல் வேண்டாம். நம் ஊரில் தொட்டியில் மணல் என்றாலே நிறுத்திக் கேட்பார்கள். அரிசி மூட்டையும் வேண்டாம், ரேஷனா என்பார்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். வேப்பம் புண்ணாக்கு மூட்டை மூன்று போடுங்கள். ஒருத்தன் திருட மாட்டான்.

மிளகுக்கொடி (கொல்லிமலை)

எங்கள் வீட்டில் ஓட்டுவது நான்தான். கணவருக்கு ரிவர்ஸ் பிடிக்காது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. இந்த நீளத்துக்கு முதல் வருடம் நாலைந்து வளைவில் ஒரு முறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. மேலிருந்து இறங்கும் பஸ் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் என் முகம் பழகிவிட்டது. இப்போது வெளி ஓரத்தை முழுக்க எடுத்துத் திருப்பினால் ஒரே பிடியில் வந்துவிடுகிறது.

நான் செய்த ஒரு தவறை இங்கே எழுதுகிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஆகும். முதல் தடவை ஏறும்போது மலைதானே என்று நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டேன். காய்ந்த தார் ரோடு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, அடியில் "கட் கட்" என்று சத்தம். வண்டி போச்சு என்று பதினைந்தாவது வளைவிலேயே ஓரம் கட்டினேன்.

அப்புறம்தான் தெரிந்தது. இந்த வகை இழுவையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண், சேறு என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை, முறுக்கு முழுதும் கியரில் ஏறும். மலை என்பதற்காகப் போடக் கூடாது, தரை வழுக்கினால்தான் போட வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வசதி, வருடத்தில் பத்து நாள்தான் உபயோகம். ஆனால் அந்தப் பத்து நாள் மழையில் தோட்டத்து மண் ரோட்டில் வேறு எதுவும் ஏறாது. குறைந்த கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் ஆமை மாதிரி தானாக ஏறும். மிளகு மூட்டை, வேலையாட்கள் சாப்பாடு, ஒரு முறை பிரசவத்துக்கு ஒரு பெண், எல்லாம் அந்த ரோட்டில்தான் இறங்கியிருக்கிறது.

இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை நம்பி இறங்கினால் ஐம்பதாவது வளைவில் நாற்றம் வரும்.

ஆவடி_அப்பா (ஆவடி)

எல்லோரும் புகழ்கிறீர்கள். நான் வாங்கிப் பதினான்கு மாதத்தில் விற்றவன்.

பின் இருக்கையைப் பற்றி யாருமே பேசவில்லை. கேபின் சுவர் பின்னாலேயே இருப்பதால் சாய்மானம் நேராக நிற்கிறது, பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி. என் இரண்டு பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து ஏற்காடு போய்வந்தார்கள். 20 வளைவு. எட்டாவது வளைவில் சின்னவன், பன்னிரண்டில் பெரியவள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறுவதற்கே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

பெட்டி எங்கே வைப்பது? தொட்டியில்தான். திண்டுக்கல் தாண்டி மழை. தார்ப்பாய் போட்டிருந்தேன், காற்று உள்ளே புகுந்து ஓரத்தைத் தூக்கிவிட்டது. கல்யாணத்துக்குக் கொண்டுபோன பட்டுப் புடவை இரண்டு நனைந்தது. அந்த இரண்டு புடவையின் விலையில் தொட்டிக்கு நல்ல மூடியே போட்டிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறார். மூடி போட்ட பிறகும் பின் டோர் இடுக்கு வழியாகத் தூசி வந்தது, அது வேறு கதை.

கடைசி அடி விளக்கு. வீட்டிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், முழுக்க டிராஃபிக். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் எதுவாக இருந்தாலும் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று உண்டு. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடித்த கரியை எரிக்கும். ஆறு கிலோமீட்டரில் சூடே ஏறாது. மாதம் ஒரு முறை விளக்கு எரியும், நான் ராத்திரி பதினொரு மணிக்குப் பைபாஸில் அரை மணி நேரம் எங்கேயும் போகாமல் ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மனைவி, "கரி எரிக்கத்தான் போகிறீர்களா?" என்று கேட்டார். அந்த வாரமே விற்றேன்.

வண்டி மேல் குற்றமில்லை. என் வாழ்க்கைக்கு அது பொருந்தவில்லை.

அடுக்ககவாசி

ஆபீஸ் எனக்கு ஏழு கிலோமீட்டர். வயிற்றைக் கலக்குகிறது.

பதிவெண் (மதுரை)

நான் ஆர்டிஓ வேலைகளுக்கு ஆட்களுக்கு உதவுகிறவன். வாங்கும் முன் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நம்பர் பிளேட் வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா. ஒரே மாதிரி தோற்றம் உள்ள பிக்கப் இரண்டு வகையிலும் ஓடுகிறது.

மஞ்சள் என்றால் சரக்கு வாகனம். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சான்று), அப்புறம் வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உள்ளே இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவிலேயே இருக்கிறது. லைசென்ஸ் பற்றிய பயம் வேண்டாம். 7,500 கிலோ வரை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

வெள்ளை என்றால் பதினைந்து வருடம் நிம்மதி, ஆனால் வாடகைக்குச் சுமை ஏற்ற முடியாது. காராகப் பதிந்தால் வரியையும் பாருங்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஷோரூமில் சொல்லும் "ஆன் ரோடு" தொகையில் எந்த வகை வரி போட்டிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள்.

முன்னால் இரும்புக் கம்பி மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பிடித்தால் கழற்றச் சொல்வார்கள், அபராதம் தனி.

தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள், எந்தப் போர்டாக இருந்தாலும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

கோபி_தென்னை

டோலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னுடையது வெள்ளை போர்டு. ஒரு சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் கார் என்று கழித்துக்கொள்கிறது. அடுத்ததில் ஒரு பையன் இறங்கி வந்து தொட்டியைப் பார்த்து, "சார், இது சரக்கு வண்டி" என்கிறான். ஆர்சியைக் காட்டினேன். "ஆர்சி சரி சார், ஆனா வண்டி லாரி மாதிரி இருக்கே" என்றான். பின்னால் இருபது வண்டி ஹாரன். ஆயுத பூஜைக்கும் அதே குழப்பம்தான். வாழைக் கன்றைக் காருக்குக் கட்டுகிற மாதிரி முன்னால் கட்டுவதா, லாரிக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் கட்டுவதா? அப்பா லாரிக்குக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டார்.

வன்னி_கப் (கிளிநொச்சி)

உங்கள் கதைகளை வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. இங்கே உந்தக் குழப்பம் இல்லை. எங்கள் பக்கம் இதற்கு "டபுள் கப்" என்று பெயர். பதிவிலேயே இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்று தனி வகுப்பு இருக்கிறது. ஆளும் ஏறலாம், சாமானும் ஏறலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரி. திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர் என்று எல்லாரும் ஓடியதால் சனத்துக்குப் பழகிவிட்டது. டபுள் கப் வந்து நின்றால் யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைப்பார்கள். நான் இறங்கினால் ஏமாந்துபோவார்கள்.

என்னுடையது இருபது வருடத்துக்கு மேற்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் திரும்ப விட்டார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கப்பின் விலை தங்கம் மாதிரி ஏறியது. விற்கச் சொல்லி வீட்டுக்கே ஆள் வந்தார்கள். வித்திருந்தால் திரும்ப ஒன்று வாங்கியிருக்க ஏலாது. வயல் இரணைமடுக் குளத்துப் பக்கம். உரம், விதை நெல், தண்ணி இறைக்கிற மெஷின் எல்லாம் இதில்தான் போகும்.

நீங்கள் சொல்லுகிற பின்பக்கம் துள்ளுகிற விசயம் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஏனென்றால் வெறுமையாக ஓடுவதே இல்லை. யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டால் தெருவில் நாலு பேர் வந்து "தம்பி, இதையும் ஒருக்கா கொண்டுபோய்க் குடு" என்று வைத்துவிடுவார்கள். தெற்கால வவுனியாப் பக்கம் போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவது. அங்கே நிற்கிற ஐந்து நிமிசத்திலும் இன்னொருவர் மூட்டையோடு வருவார்.

ஒரு விசயம் அவதானியுங்கள்: துரு. உரப் பை உடைந்து கொட்டினால் அன்றைக்கே கழுவ வேணும். யூரியா ஈரத்தோடு மூலையில் தங்கினால் இரண்டு மாரிக்குள் தகரம் ஓட்டையாகும். நான் தொட்டியின் தண்ணி போகிற துளைகளை மாதம் ஒருக்கால் கம்பியால் குத்தித் துப்பரவாக்குவேன்.

பட்டறை_மாமா

அந்தத் துளை விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உறைக்கு அடியில் தண்ணீர் நின்றால் வெளியே தெரியாது. வருடம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

மிளகுக்கொடி

பெருங்குடி தம்பி, வீடியோவை நிறுத்துங்கள். தெரிந்தவர் யாரிடமாவது பத்து நாள் வாங்கி ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் சேல்ஸ்காரர் நல்ல ரோடாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவார்.

அடுக்ககவாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடியே செய்தேன். செங்கல்பட்டில் மாமா பையன் ஒருவர் வைத்திருக்கிறார், அவர் என் காரை எடுத்துக்கொண்டு பிக்கப்பைக் கொடுத்தார்.

முதல் நாளே அடுக்ககத்தில் பிரச்சினை. கோடு போட்ட இடம் சரியாக 5 மீட்டர், பின்னால் தூண். வண்டி ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சரியாக அந்த ஓர் அடியில்தான் எதிர்வீட்டுப் பாட்டி துளசி மாடம் சுற்றி வருவார். இரண்டாம் நாள் ஆபீஸ் கட்டட பேஸ்மென்ட். உயரம் இடிக்கவில்லை, ஆனால் வளைந்து இறங்கும் சரிவில் பாதியில் நின்று பின்னால் எடுத்தேன். பின்னால் நின்றது எங்கள் மேனேஜர் கார்.

ஆறாம் நாள் ஜவ்வாது மலை போனோம். நாலு சைக்கிள், கூடாரம், அடுப்பு, பிரியாணிச் சட்டி, எல்லாம் பின்னால். கேபினுக்குள் ஒரு பையும் இல்லை. காலி வண்டி குதிக்கும் என்று பயந்திருந்தேன், இவ்வளவு சாமானோடு நன்றாகவே போனது. ஆவடி அண்ணா சொன்ன சாய்மானம் உண்மைதான், மனைவி பின்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முன்னால் வந்துவிட்டார். ஆனால் இருபத்தெட்டு நாள் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்தப் பத்து நாளில் அவரே மூன்று முறை சாமான் ஏற்றினார், அதில் ஒன்று அவர் அம்மா வீட்டு ஊஞ்சல்.

இன்னும் முடிவு செய்யவில்லை. ஆபீஸுக்கு ரயிலில் போய்விடலாம், ஃபில்டர் பிரச்சினை தீரும். நிறுத்தும் இடம்தான் இடித்தது. நேற்று கடைசி பிளாக்கில் ஒருவரிடம் கேட்டேன், அவருடையது சுவரோரத்துத் திறந்த இடம், நீளம் தாராளம். மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த மாதம் அவர் மகள் தாம்பரத்துக்குக் குடிபோகிறாள், வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் ஏற்றிக்கொண்டுபோய் விட வேண்டுமாம்.

கோபி_தென்னை

வண்டி வாங்குவதற்கு முன்பே முதல் சுமை வந்துவிட்டதே! கயிறு இருக்கிறதா?

பட்டறை_மாமா

நைலான் கயிறு வேண்டாம், முடிச்சு வழுக்கும். ராட்செட் பெல்ட் நாலு வாங்குங்கள். ஃபிரிட்ஜைப் படுக்க வைக்காதீர்கள், நிற்க வைத்துக் கேபினோடு சேர்த்துக் கட்டுங்கள்.